கொசுறாகப் போன குரல்

புன்னைத்துறையில் மீன் பிடிக்கிறவர்கள் பலர், வாங்க வருகிறவர்களும் பலர், ஆனால் பிடித்தவன் மீனை வாங்கியவன் மீனாக மாற்றுகிறவள் ஒருத்திதான், ஏலம் கூவுகிற அவள் பெயர் பிரகாசி. அவள் வாயைத் திறந்து மூன்றாம் தரம் சொல்லும்வரை தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கிற சாளையும் சீலாவும் கடலுக்கும் சொந்தமில்லாமல் கரைக்கும் சொந்தமில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். முதல் தரத்தை அடுத்த வீட்டில் உப்பு கேட்கிறவள் மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். இரண்டாம் தரத்தைச் சற்று இழுப்பாள். பிறகு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் வியாபாரிகள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், இன்னும் ஏற்றிக் கேட்க நினைப்பவன் மடியைத் தடவிப் பார்ப்பான். அப்புறம் வரும் மூன்றாம் தரம், அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, மாதா கோயில் கொடிமரத்தைத் தாண்டி, ஐஸ் கம்பெனிச் சுவரில் மோதித் திரும்பிவந்து மீன்குவியல்மேல் விழும். விழுந்ததும் வாங்கியவன் ஒரு பிடி மணலை அள்ளி மீன்மேல் தூவுவான். தூவிவிட்டால் முடிந்தது, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாலும் மாறாது.

அந்தக் கரையில் மீறக்கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, தார்ப்பாயில் வைத்தது எதுவானாலும் ஏலத்துக்கு வந்ததுதான். படகுக்காரர் கஸ்பார், ஊர்க்கமிட்டித் தலைவர், பெரிய மனுஷன், ஒருநாள் மறதியாகத் தன் தூக்குச்சட்டியைத் தார்ப்பாய் ஓரத்தில் வைத்துவிட, உள்ளே இருந்த சோறும் குழம்பும் சேர்த்து ஏலத்தில் போய்விட்டது, அவரும் வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடந்தார். இரண்டாவது, கொசுறு. ஏலம் முடிந்தபின் வாங்கியவனும் கேட்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவனும் கேட்கலாம், இல்லை என்று சொல்லக்கூடாது, ஒரு மீனோ அரை மீனோ எறிந்துவிட வேண்டும். மறுத்தால் மறுநாள் ஊர் வலை முழுக்க வெறுமையாக வரும் என்பது நம்பிக்கை. வருமா வராதா என்று சோதித்துப் பார்த்தவர் யாருமில்லை, ஏனென்றால் மறுத்தவர் யாருமில்லை.

இந்தக் கரைக்குத்தான் நிகிலன் வந்தான். வெள்ளைச் சட்டை, காதில் ஏதோ சொருகல், கையில் பெரிய செல்போன். கானமுத்து மீடியா என்ற கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய்ச் சத்தம் சேகரிக்கிற வேலை அவனுக்கு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சத்தம் சேகரிப்பதும் ஒரு வேலையாக இருக்கும் என்று எந்தத் தகப்பன் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒரு கூடை விளமீன் வாங்கினான், மணல் தூவினான், கொசுறு கேட்டான். பிரகாசி ஒரு கணவாயைத் தூக்கிப் போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே செல்போனை நீட்டினான்.

"அக்கா, நீங்க ஏலம் கூவுறத இதுல எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க தம்பி. எடுத்தா கொறஞ்சா போயிரும்?"

கரைக்காரி எவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். கடலிலிருந்து நாள் தவறாமல் அள்ளியும் கடல் குறையாததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எடுத்தால் குறைகிற சாமான்களும் உலகத்தில் உண்டு, எடுத்தபின் மிச்சத்துக்கும் பூட்டுப் போடுகிற எடுப்புகளும் உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். பிரகாசி அவனுக்காகவே கொஞ்சம் கூடுதலாக இழுத்து மூன்றாம் தரத்தைக் கூவிக் கொடுத்தாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மழைக்காலம் முடிவதற்குள் பாட்டு வந்துவிட்டது. காதலி காதலனை ஏலம் விடுகிற மாதிரி ஒரு பாட்டு, வார்த்தைகள் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சரணம் முடியும்போதும் மத்தளமெல்லாம் அடங்கி, பிரகாசியின் குரல் இரண்டு தரம் சொல்லி, நின்று, பிறகு மூன்றாம் தரம் புறப்பட்டு வந்து விழும்போது, கேட்கிறவன் நின்ற இடத்தில் ஆடுவான். கல்யாண மண்டபத்தில் ஆடினார்கள், கல்லூரி வாசலில் ஆடினார்கள், துபாயில் ஆடினார்கள். பெயர் போடுகிற இடத்தில் இசை இன்னார், பாடல் இன்னார், ஒலி உரிமை கானமுத்து மீடியா என்று இருந்தது. பிரகாசி என்று எங்கும் இல்லை. ஊர்க்காரர்கள் அதற்காகக் கோபப்படவில்லை, புன்னைத்துறை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது, கமிட்டி சார்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் கஸ்பார் படம் பெரிதாகவும் பிரகாசி படம் தபால்தலை அளவிலும் இருந்தது.

செல்போன் கடை வைத்திருந்த டெல்வின் பெருமை தாங்காமல் பிரகாசி ஏலம் விடுவதைப் படம் பிடித்து, 'ஒரிஜினல் எங்க ஊருதாம்ல' என்று எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டான். ஏற்றிய கையோடு பதில் வந்தது. இந்தக் காணொளியிலுள்ள ஒலி கானமுத்து மீடியாவுக்குச் சொந்தமானது, ஆகவே ஒலி அணைக்கப்பட்டது.

மறுநாள் காலை பிரகாசி முதல் தரம் சொன்னாள், இரண்டாம் தரம் சொன்னாள், நிறுத்தினாள், வயிற்றை எக்கி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. படத்தில் அணைக்கப்பட்டது கரையிலும் அணைந்திருந்தது.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, மீன் நாற ஆரம்பித்திருந்தது. கூட்டத்தில் எழுந்த கேள்வி சத்தம் எங்கே போனது என்பதல்ல, மணல் தூவலாமா கூடாதா என்பதுதான். கேரளத்து வியாபாரி ஒருவர் கையில் மணலை வைத்துக்கொண்டே நின்றார், விரலிடுக்கில் அது ஒழுகித் தீர்ந்தது. பிரகாசியின் நாத்தனார் லில்லிபுஷ்பம் முன்னால் வந்து, "நான் கூப்புடுதேன் மைனி" என்று அதே ராகத்தில் இழுத்தாள், அவளுக்கும் அடைத்துக்கொண்டது. ராகமில்லாமல் மொட்டையாகச் சொன்னால் சத்தம் வந்தது. ஆனால் அதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது மூணாந்தரமா? பஸ்ஸுல ஸ்டாப்பிங் சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றார் உள்ளூர் வியாபாரி ஒருவர், மணல் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

அன்றைக்கு வந்த மீன் முழுவதும் கருவாடானது.

டெல்வினுக்கு வழி தெரிந்திருந்தது. படம் திருடி ஏற்றுகிறவர்கள் மாட்டாமலிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்புவார்கள், குரலைச் சற்றுக் கீச்சென்றாக்குவார்கள், அதையே கரையில் செய்தால் என்ன என்றான். ஆகவே பிரகாசி வியாபாரிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையை ஓங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு எலிக்குரலில் மூன்றாம் தரம் சொன்னாள். வந்தது. வியாபாரிகளும் முதுகைத் திருப்பிக்கொண்டு இடது கையால் மணல் தூவினார்கள். தன் குரலைத் தானே திருடுகிறவள் மாதிரி சொந்தக் கரையில் ஒளிந்து நின்று கத்த வேண்டியிருந்தது அவளுக்கு. அந்த வாரக் கடைசியில் அதுவும் அணைந்தது. எங்கோ இருக்கிற யந்திரம் எலிக்குரலையும் படித்துக்கொண்டுவிட்டது என்றான் டெல்வின், யந்திரத்தின்மேல் ஒரு மரியாதையோடு.

பாட்டின் நடுவில் மாதா கோயில் மணியும் ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தமும் வரும், நிகிலன் அதையும் அன்றைக்கே பிடித்துப் போயிருந்தான். அவையும் போயின. கோயிற்பிள்ளை கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பூசைக்கு நேரமாச்சு என்று வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். ஐஸ் மிஷின் ஓடுவது தெரியாமல் கிட்டே போய் இரண்டு பேர் விரல் போனது. ஊர் பழகிக்கொண்டது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான், செருப்பில் கல் கிடந்தால்கூடக் காலை மாற்றி வைத்து நடந்துவிடுவான். பங்குச்சாமி எல்லோரையும் செபம் பண்ணச் சொன்னார். கிழக்குத் தெருவில் ஒருத்தி, ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா, எடுத்துக்கிடுங்கன்னு சொன்னவ யாரு என்று பிரகாசி காதுபடவே கேட்டாள்.

 பிரகாசி கல்யாணம் கட்டி வந்தபோது கொண்டுவந்த நகை போயிற்று, புருஷன் போனான், புயலில் வீட்டுக்கூரை போனது, எதற்கும் அவள் யார் வாசலிலும் நின்றதில்லை, தொண்டை இருக்கிறது என்ற தைரியம். இப்போது தொண்டைக்காக ஒருவன் வாசலில் போய் நிற்க வேண்டும். லில்லிபுஷ்பத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினாள்.

கானமுத்து மீடியா கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசல் செக்யூரிட்டியின் பையில் போன் அடித்தது, பிரகாசியின் குரல்தான் அடித்தது, இரண்டு தரம் சொல்லி, நிறுத்தி, மூன்றாம் தரம் அந்த வராந்தா முழுக்க உருண்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அதைக் கேட்டாள். பிள்ளையை ஊரான் இடுப்பில் பார்த்தவள் மாதிரி கை நீட்டிவிட்டாள்.

"ஐயா, அது நாந்தான். அந்தச் சத்தம் என் சத்தம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. எங்க, சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

பிரகாசி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. செக்யூரிட்டி பாவம் பார்க்கிற முகத்தோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உள்ளே நிகிலன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டான், அக்கா என்றே கூப்பிட்டான், காப்பி வரவழைத்தான். பிறகு கணினியைத் திருப்பி வைத்து ஒரு பொத்தானை அமுக்கினான். கடல் இரைந்தது, காக்கை கத்தியது, பிறகு பிரகாசியின் சிரித்த குரல் கேட்டது: எடுத்துக்கிடுங்க தம்பி. எடுத்தா கொறஞ்சா போயிரும்?

"இதுதான் அக்கா உங்க சம்மதம். சட்டப்படி இது போதும். நாங்க எதையும் திருடல."

"கொசுறா ஒரு மீன் கொடுத்தா, கூடையோட தூக்கிட்டுப் போயி, வலையையும் சுருட்டிக்கிட்டு, இனிமே கடல்ல எறங்காதன்னு சொல்லுவீரோ? இது எந்த ஊரு நியாயம்வே?"

அவன் கோபப்படவில்லை. கோபப்படாமலிருக்கச் சம்பளம் வாங்குகிறவன் அவன். அக்கா நம்ம குடும்பம் மாதிரி, உங்களுக்காக மேலிடத்தில் பேசி ஒரு வழி பண்ணுகிறேன் என்றான். அவர்கள் ஊர் வந்து சேர்வதற்குள் டெல்வின் செல்போனுக்கு வழி வந்து சேர்ந்திருந்தது. பிரகாசி தன் குரலைத் தானே உபயோகித்துக்கொள்ளக் கம்பெனி அனுமதிக்கிறது, பணம் வேண்டாம், விளம்பரம் மட்டும் வரும்.

மறுநாள் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில், அவள் நிறுத்துகிற அந்த இடத்தில், அவள் நினைக்காமலே அவள் நாக்கு புரண்டது. "முடி கொட்டுதா? கவலையை விடுங்க! ஏழு மூலிகை சேர்ந்த எண்ணெய், இன்றே வாங்குங்கள்!" என்று வேறு யாரோ பட்டணத்துப் பெண் குரலில் அவள் வாய் பேசி முடித்தது. அதன்பிறகு மூன்றாம் தரம் முன்போலவே முழங்கியது. கரை கைதட்டியது. வியாபாரிகள் விளம்பரம் ஓடும்போது டீ குடித்துவிட்டு வரப் பழகினார்கள். பெண்கள் எண்ணெய் வாங்கினார்கள். பிள்ளைகள் பிரகாசியின் தோளைத் தட்டி, செல்போனில் மாதிரி விளம்பரத்தை அமுக்கித் தள்ளிவிடலாமா என்று பார்த்தார்கள். கஸ்பார் கமிட்டியில் பேசினார்.

"சத்தம் வருதா, ஏலம் நடக்குதா, அது போதும். கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும் பிரகாசி. ஒன் ஒருத்தி ரோசத்துக்கு ஊரு பட்டினி கெடக்க முடியுமா?"

 பிரகாசி வீட்டுக்கு வந்ததும் வாயை உப்புத்தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பாள், கொப்பளித்துக் கொப்பளித்து உதடு வெடித்தது. ஒன்று போனால் ஒன்று, எண்ணெய் போய்ச் சீட்டு வந்தது. உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம், செல்போனில் சீட்டு விளையாடுங்கள், முதல் ஆட்டம் இலவசம் என்று மாதக்கணக்கில் அவள் வாய் கூவியது. இளவட்டங்கள் விளையாடினார்கள், பெரியவர்கள் விளையாடினார்கள், ஒருநாள் கஸ்பாரின் பெண்டாட்டி ஞானப்பூ தலைவிரிகோலமாக வந்து ஏலத் தார்ப்பாய்க்கு நடுவில் நின்றாள்.

"பாவி! படகு எஞ்சினை வித்து வெளையாடிட்டாரு! கொமரு கல்யாணத்துக்குச் சேத்த நகையும் போச்சு. யாரு சொன்னான்னு கேட்டா, நம்ம பிரகாசி வாயால சொன்னது பொய்யா இருக்குமான்னு கேக்காரு!"

பிரகாசி அவள் காலில் விழவில்லை, அழவும் இல்லை. எழுந்து டெல்வின் கடைக்குப் போனாள்.

"ஏல டெல்வின், அவனுவளுக்கு எழுதிப் போடு. ஒங்க தயவு வேண்டாம், ஒங்க வெளம்பரத்த ஒங்க வாயாலயே சொல்லிக்கிடுங்கன்னு எழுது."

"அத்தை, அப்புறம் சத்தமே வராது."

"வராட்டி போவட்டும். பொய் சொல்லுத வாய்க்கு ஊமை வாயி எவ்வளவோ மேலு."

அதன்பிறகு ஏலம் ஊமையாகவே நடந்தது. முதல் தரம், இரண்டாம் தரம், நிறுத்தம், பிறகு பிரகாசி வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமில்லாமல் மூன்றாம் தரம் சொல்வாள். கூவி முடிக்கிற நேரம் அளவுக்கு எல்லோரும் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். தொடக்கத்தில் வியாபாரிகள் தயங்கினார்கள். போகப் போக அந்த மௌனத்தில் ராகம் தெரிய ஆரம்பித்தது, எங்கே சுற்றுகிறது எங்கே விழுகிறது என்று எல்லோருக்கும் பிடிபட்டது, விழுந்ததும் மணல் தூவினார்கள். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு துடுப்புப் படகில் கடலுக்குப் போய்வந்தார், அவர் மீனும் அந்த மௌனத்தில் விலை போயிற்று. பிரகாசி பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

பொறுக்குமா கம்பெனிக்காரர்களுக்கு. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்கள். பாட்டுக்குப் புது வடிவம் ஒன்று வந்தது, அதில் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவிலுள்ள அந்த நிறுத்தத்தை நீட்டி, மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அமைத்திருந்தார்கள். நிறுத்தம்தான் பாட்டின் உயிர் என்று பத்திரிகைகள் எழுதின. கம்பெனி அந்த நிறுத்தத்துக்கும் உரிமை வாங்கிக்கொண்டது. மறுநாளே புன்னைத்துறையிலிருந்து மௌனம் போய்விட்டது.

அதைச் சொன்னால் விளங்காது, இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர் அலை ஓய்வதற்குள் அடுத்த அலை அதன்மேல் ஏறியது. பேசுகிறவன் ஒரு வாக்கியத்தை முடித்ததும் மூச்சு வாங்க இடமில்லாமல் அடுத்ததில் விழுந்தான். கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது குனிந்த தலைகளுக்குமேல் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டில் பிள்ளைகள் தூங்கவில்லை. துக்க வீட்டில் அழுது முடித்தவள் சும்மா உட்கார முடியாமல் மறுபடி அழுதாள். ஊர் அதற்கும் பழகப் பார்த்தது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டது, பஞ்சு விலை ஏறியது, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தம் இல்லாமல் ஏலம் எப்படி நடக்கும். இரண்டாம் தரம் சொன்னதும் ரீங்காரம் புகுந்துவிடும், மௌனத்தின் ராகம் கலைந்துவிடும், மணல் அள்ளிய கை அந்தரத்தில் நிற்கும். பிரகாசி தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளிடம் எடுக்க இனி ஒன்றும் இல்லை.

ஒன்றுமில்லாதவளிடமும் வந்தார்கள். பாட்டுக்கு ஒரு வயது நிறைவதைக் கொண்டாட நிஜக் கரையில் நிஜ ஏலக்காரியை வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். நிகிலன் இரண்டு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான். அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பாட்டு ஸ்பீக்கர்ல ஓடும், வாயை மட்டும் அசைச்சா போதும் என்றான். ஊர்க்காரர்கள் பிரகாசியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள், உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்துவந்து பழைய இடத்திலேயே விரித்தாள். அவளுக்கே அப்போது திட்டம் ஏதும் இல்லை. சொந்த வாயை அசைக்கக் கூலிக்கு அழைத்த அந்தச் சிரித்த மூஞ்சியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் பெட்டி புதுசு, விலை கூடியது. மணல் ஏறிவிடக்கூடாது என்று நிகிலன் சுற்றுமுற்றும் பார்த்தான். பார்த்துவிட்டு, தன் கையாலேயே அதைத் தூக்கி, தார்ப்பாயின் நட்டநடுவில் வைத்தான். உள்ளே அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கரை முழுவதும் அதைப் பார்த்தது. கஸ்பார் தன் தூக்குச்சட்டியை நினைத்துக்கொண்டார். லில்லிபுஷ்பம் மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அங்கே வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். பிரகாசி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தார்ப்பாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

"வந்திருக்குது பாட்டு! உள்ள கெடக்குது என் சத்தம், கோயில் மணி, ஐஸ் மிஷினு, நம்ம ஊரு அமைதி எல்லாம். யாரு கேக்கிய?"

நிகிலன் கேமராக்காரனைப் பார்த்து, விடாதே, பிடி என்று சைகை காட்டினான். நல்ல காட்சி.

"ஒரு சாளை!" என்றாள் லில்லிபுஷ்பம், கூடையிலிருந்து வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி.

"ஒரு சாளைக்குக் கேக்காவ! மேல யாரும் உண்டா?"

மேலே யாரும் கேட்கவில்லை.

"ஒரு தரம்," என்றாள் பிரகாசி, அடுத்த வீட்டில் உப்பு கேட்கிற மாதிரி. "ரெண்டு தரம்," என்று இழுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மூன்றாம் தரம் வர வழியில்லை, அது கம்பெனியுடையது. மௌனம் வரவும் வழியில்லை, அதுவும் கம்பெனியுடையது. இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள், இரண்டும் இல்லாத வாயில் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது, இத்தனை மாதமாகச் சத்தமில்லாமல் விழுங்கிய தரங்கள் அத்தனையும், முதுகைத் திருப்பிக் கத்திய எலிக்குரலும், எண்ணெய்க்கும் சீட்டுக்கும் புரண்ட நாக்கின் அவமானமும், கண்ணாடிக் கட்டடத்தில் திறந்து மூடிய வாயும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பி வந்தன. அது ராகமில்லை, ஏலமில்லை, அழுகையில்லை. சுத்தமான ஆத்திரம். எந்த யந்திரத்துக்கும் அதைப் படித்த பழக்கமில்லை. கொடிமரம் ஆடியது, ஐஸ் கம்பெனிச் சுவரில் வெடிப்பு விழுந்தது, நின்றிருந்தவர்கள் காதிலிருந்து பஞ்சு தானாகத் தெறித்தது. அந்தக் கத்தலின் கடைசியில், அடியில் கிடந்த மீன் மேலே வருகிற மாதிரி, பழைய குரல் முழுசாக மேலே வந்தது.

"மூணு தரம்!"

லில்லிபுஷ்பம் மணலை அள்ளி ஸ்பீக்கர்மேல் தூவினாள். பெட்டி நின்றது. கேமராக்காரன் கையிலிருந்த போனிலும் நின்றது, வேன் ஓட்டி வந்தவன் போனிலும் நின்றது. அந்நேரம் எத்தனையோ மண்டபங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய காலோடு நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். மாதா கோயில் மணி, யாரும் இழுக்காமலே ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டது.

நிகிலன் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஊர் ஊராகச் சுற்றியவன், கரையின் பழக்கம் அவனுக்கும் ஒன்று தெரியும். கிட்டே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஏலம் முடிஞ்சிருச்சு, நான் மறுக்கல. அந்த மூணாவது தரத்தை மட்டும்... ஒரே ஒரு தடவை. கொசுறா."

 கொசுறு கேட்டுவிட்டான். கேட்டது யாராக இருந்தாலும் மறுக்கக்கூடாது, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து யாரும் மறுத்ததில்லை, மறுத்தால் ஒருத்திக்கு அல்ல, ஊருக்கே வலை வெறுமை. ஞானப்பூ கஸ்பாரைப் பார்த்தாள். கஸ்பார் வாயைத் திறந்தார், அனுசரித்துப் போ என்று சொல்லத்தான் திறந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

பிரகாசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

அதன்பிறகு ஒரு நிறுத்தம் வந்தது. அலை ஒன்று ஓய்ந்து, அடுத்த அலை வருவதற்கு முன்னால், காணாமல் போயிருந்த மௌனம் கரையில் வந்து உட்கார்ந்தது. வேன்கள் கிளம்பிப் போனது கூட அந்த மௌனத்தில் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் வலைகள் வெறுமையாகத்தான் வந்தன. ஒரு நெத்திலி இல்லை, ஒரு நண்டு இல்லை. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின, இறங்கியவர்கள் யாரும் பிரகாசியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தார்ப்பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தாள், ஓடி ஒளியவில்லை. கஸ்பார் தன் வெறும் வலையைத் தோளிலிருந்து இறக்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிவந்து, எல்லோரும் பார்க்க, தார்ப்பாயின் நடுவில் போட்டார்.

"கூப்பிடு பிரகாசி," என்றார்.

அவள் கூப்பிட்டாள், ஒரு தரம், இரண்டு தரம், பிறகு நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து மூன்றாம் தரம். யாரும் மணல் தூவவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி, திரும்பி வந்த குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.